வைட்டமின் டி கேப்ஸ்யூல்: தினமும் அல்ல, வாரத்துக்கு ஒன்று!

கேள்வி: தினமும் காலை ஆறரைக்கே ஆச்சியை முற்றத்தில் உட்கார வைக்கிறோம். வைட்டமின் டி 11தான் இருக்கிறது. ஏன்? (காரைக்குடி)

அந்த நேரத்துச் சாய்வெயிலில் தேவையான புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. பதினொன்றிலிருந்து இரண்டுக்குள், கை கால் வெயிலில் படும்படி இருபது நிமிடம் உட்கார வையுங்கள். சித்திரை, வைகாசியில் பத்து நிமிடம் போதும், தலைக்குத் துண்டு போடுங்கள். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது. எழுபது வயதுத் தோல் இளமையில் தயாரித்ததில் கால்வாசிதான் தயாரிக்கும். 11 என்றால் மாத்திரையும் வேண்டும், மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 78. வைட்டமின் டி சீக்கிரம் ஏறட்டும் என்று அதன் 60,000 யூனிட் கேப்ஸ்யூலைத் தினமும் ஒன்றாக ஒரு மாதம் கொடுத்துவிட்டோம். இப்போது சாப்பாடு பிடிக்கவில்லை, வாந்தி, மலச்சிக்கல். (தேவகோட்டை)

உடனே நிறுத்துங்கள். இன்றே ரத்தத்தில் கால்சியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பாருங்கள். நீங்கள் சொல்வதெல்லாம் கால்சியம் ஏறியதன் அறிகுறிகளாக இருக்கலாம். தாகம், குழப்பமான பேச்சு வந்தால் நேராக ஆஸ்பத்திரிதான், சிறுநீரகம் கெட்டுவிடும்.

இந்தத் தவறு ஓயவே மாட்டேன் என்கிறது. இது கொழுப்பில் கரையும் வைட்டமின், உடம்பிலேயே தங்கும். வழக்கமாக வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம், அப்புறம் மருத்துவர் சொல்லும் அளவு. பக்கத்து வீட்டுச் சீட்டைக் காட்டி வாங்கிப் போடுவது, சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பியதையும் சேர்த்துப் போடுவது எல்லாம் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் எழுபது தாண்டிய இரண்டாயிரத்துச் சொச்சம் பெண்களில் ஒரு பாதிக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் மொத்தமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவு: மருந்து எடுத்தவர்களே அதிகம் விழுந்தார்கள், எலும்பும் அதிகம் முறிந்தது. கேப்ஸ்யூல் அட்டை மேலேயே 'ஞாயிறு மட்டும்' என்று பேனாவால் எழுதி வையுங்கள்.

கேள்வி: எலும்புக்குக் கேப்பைக் கூழ் போதாதா? (பள்ளத்தூர்)

நூறு கிராம் கேழ்வரகில் கால்சியம் 350 மில்லிகிராம் போல. ஒரு நாள் தேவை ஆயிரத்துக்கு மேல். பால், தயிர், நெத்திலியும் சேருங்கள். கூழில் வைட்டமின் டி கிடையாது.

கேள்வி: ஐயா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து இரண்டு நாளாகிறது. இந்த வயதில் ஆபரேஷன் எதற்கு, கட்டுப் போட்டால் போதும் என்கிறார்கள். (பொன்னமராவதி)

கடிதம் எழுதும் நேரமா இது? முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடந்திருக்க வேண்டும். இன்னும் காலம் போகவில்லை, இன்றே கிளம்புங்கள். படுக்கையில் போட்டால் புண், நிமோனியா, காலில் ரத்தக் கட்டி. வயதைக் காட்டி ஆபரேஷனைத் தள்ளாதீர்கள். எழுந்து நடப்பதற்காகத்தான் அதைச் செய்கிறோம்.

கேள்வி: வைட்டமின் டி 34. திண்ணைப் படியில் தடுக்கி மணிக்கட்டு முறிந்தது. வயது 66. (கோட்டையூர்)

அளவு சரியாக இருப்பவருக்கு மேலும் வைட்டமின் டி கொடுத்து முறிவு குறையவில்லை. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள், எலும்புத் தேய்வுக்கு மருந்து தேவைப்படலாம். அதற்கான அலெண்ட்ரோனேட் மாத்திரையை எழுதினால் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். அதன் 70 மில்லிகிராம் மாத்திரையும் வாரத்துக்கு ஒன்றுதான்.

கேள்வி: நல்ல மாத்திரை ஒன்று சொல்லவும். (ஊர் இல்லை)

வயது இல்லை, ரிப்போர்ட் இல்லை, சிறுநீரகக் கல் உண்டா என்பதும் இல்லை. சொல்ல மாட்டேன்.

கேள்வி: பெரிய வீடு, இரண்டு முதியவர்கள். விழாமல் இருக்க என்ன செய்யலாம்? (கானாடுகாத்தான்)

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். ஆத்தங்குடிக் கல்லுக்கு எண்ணெய் போட்டுப் பளபளப்பாக்குவதை அவர்கள் நடக்கும் வழியில் நிறுத்துங்கள். முற்றத்துச் சாரல் பட்ட இடத்தை உடனே துடையுங்கள். உயரமான நிலைப்படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் ஒரு கோடு, கழிவறையில் கைப்பிடி, கட்டிலிலிருந்து அங்கே போகும் வழியெல்லாம் இரவு விளக்கு. கட்டிலை முடிந்தால் கழிவறைப் பக்கத்து அறைக்கே மாற்றிவிடுங்கள்.