பெரம்பூர் மில் சங்கம், 1918–21: கேட்டவர்களுக்குப் பதில்

முதல் உலகப் போர் முடியும் காலத்தில் சென்னையில் எழுந்த தொழிற்சங்கத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில.

கல்லூரி மாணவி: போர் நடந்தது ஐரோப்பாவில். சென்னை மில் தொழிலாளிக்கு அதனால் என்ன?

வயிறுதான் காய்ந்தது. கப்பல் வரத்து குறைந்ததும் துணி, மண்ணெண்ணெய் எல்லாம் விலை ஏறின, அரிசியும் ஏறியது. கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. பெரம்பூரில் பின்னி நிறுவனம் நடத்திய பக்கிங்காம், கர்நாடிக் மில்களோ பட்டாளத்துக்குக் காக்கித் துணி நெய்து நன்றாகச் சம்பாதித்தன. 1918 செப்டம்பரில் சென்னைக் கடைத்தெருக்களில் அரிசியும் துணியும் சூறையாடப்பட்டன. மில் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள்.

பெரம்பூர் வாசகர்: அப்படியானால் கூலிக்காகத்தான் சங்கம் கண்டார்களா?

கூலி மட்டும் இல்லை. சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள். அன்று பஞ்சாலையில் ஆணுக்குச் சட்டம் அனுமதித்த வேலை நேரம் நாளுக்கு 12 மணி. நடுவில் சாப்பிட அரை மணிதான். தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்து, கூட்டத்தில் முண்டிக் கை கழுவி, தூக்குச் சட்டியைத் திறந்து, ஆறிப்போன சோற்றை விழுங்கிவிட்டு ஓட வேண்டும். அதை 40 நிமிடமாக்குங்கள் என்பது சங்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று. கேட்டது பத்தே நிமிடம். மேலதிகாரிகளின் அடியும் வசவும் வேறு. இவை நின்றாக வேண்டும் என்றுதான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

ஆசிரியர் ஒருவர்: வாடியா பம்பாய்ப் பார்சி, பிரம்மஞான சபைக்காரர். அவர் எப்படி இந்தச் சங்கத்துக்குத் தலைவரானார்?

பெரம்பூர்ப் பக்கத்து வியாபாரிகளான செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் போய் அழைத்து வந்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் பேசுவார், மொழிபெயர்ப்பார்கள். அருகிலேயே திரு.வி.க. இருந்தார், அது பெரிய பலம்.

வழக்கறிஞர்: 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. 1920 கடைசியில் நிர்வாகம் மில்லை மூடிக் கதவடைப்பு செய்தது; டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தது. தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று நிறுவனம் வாடியா முதலியோர் மீது உயர்நீதிமன்றம் போய்த் தடையாணை வாங்கியது. நஷ்ட ஈடும் கேட்டது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலகினார். சங்கம் நடத்துவதே குற்றமாகிவிடும் நிலை. இதைக் கண்டுதான் 1921இல் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்தியச் சட்டசபையில் சங்கங்களுக்குப் பாதுகாப்பு கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து ஆண்டு கழித்துச் சட்டம் வந்தது.

வியாசர்பாடி இளைஞர்: இதே மில்களில் 1921இல் நடந்த வேலைநிறுத்தத்தை ஆதிதிராவிடர்கள் கருங்காலிகளாகி உடைத்தார்கள் என்கிறார்களே?

இந்தச் சொல்லை அப்படியே ஏற்க என்னால் முடியாது. வேலைநிறுத்தத்தில் பெரும்பாலான ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் சேரவில்லை, அது உண்மை. ஆனால் சில மாதம் முன்புதான் கதவடைப்பில் எல்லோரும் பட்டினி கிடந்திருந்தார்கள். நிலமோ கடையோ இல்லாத சேரிக் குடும்பத்துக்குக் கூலி நின்றால் மறுநாள் அடுப்பு எரியாது. ஊர்க்காரருக்குக் கடன் கொடுக்கச் சாதிக்காரன் இருப்பான், இவர்களுக்கு யார் இருந்தார்கள்? தறிக்கூடத்துக்கு வெளியே கிட்டவே சேர்க்காதவர்களை வேலைநிறுத்தத்தன்று மட்டும் தோழர் என்று அழைத்தால் எப்படி நம்புவார்கள்?

வேலைக்குப் போனவர்களுக்கும் நிறுத்தியவர்களுக்கும் மோதல் முற்றி, ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் மறுபடியும் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. நீதிக்கட்சிக்குள்ளும் பிளவு: தியாகராய செட்டியார் வேலைநிறுத்தம் செய்தவர்கள் பக்கம் பேசினார், ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா தம் மக்கள் பக்கம் நின்றார். பிறகு 1923இல் கட்சியை விட்டே போனார். அரசும் நிறுவனமும் இந்தப் பிளவை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. சரி, பிளவை உண்டாக்கியது அவர்களா? இல்லை, அது முன்பே நம்மிடம் இருந்தது. சங்கம் அதை முதல் நாளே கையில் எடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதே இளைஞர்: அப்புறம் என்ன ஆயிற்று?

அக்டோபரில் தொழிலாளர்கள் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள். பலருக்கு வேலையே போயிற்று. ஆனாலும் சங்கம் சாகவில்லை. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தினார். இந்தியாவில் அதுதான் முதல் மே தினம்.