ஒரு சின்ன கிராமத்து ரயில் நிலையத்தில் வேலை பார்ப்பது எப்படி இருக்கும்? நிறைய ஓய்வு கிடைக்குமா?

"ஒரு நாளைக்கு நாலு வண்டி, மீதி நேரம் தூக்கம்தானே?" என்று என் சொந்தக்காரர்களும் இதையேதான் கேட்பார்கள். சேலம்-விருத்தாசலம் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில், வாழப்பாடிக்கும் ஆத்தூருக்கும் நடுவில் ஒரு நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தேன். வண்டி குறைவுதான். ஆனால் தூங்க முடியாது. காது எப்போதும், பக்கத்து நிலையத்தோடு பேசி வண்டி விட உதவும் பிளாக் கருவியின் மணியிலேயே இருக்கும்.

காரணம், ஒற்றைத் தடம். எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடாமல் பார்ப்பதுதான் முக்கால்வாசி வேலை. இதற்கு நீல்ஸ் டோக்கன் கருவி இருந்தது, அதுதான் எங்கள் பிளாக் கருவி. பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் அங்கே ஒத்துழைத்தால்தான் என் கருவியிலிருந்து இரும்புப் பந்து ஒன்று வெளியே விழும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு முனையிலும் இன்னொரு பந்தை எடுக்கவே முடியாது. பந்தில் இரு நிலையங்களின் பெயரும் பொறித்திருக்கும். அடுத்த நிலையம்வரை போக டிரைவருக்கு அதுதான் அனுமதி, அவர் அதைப் பார்த்துச் சரி என்றால்தான் வண்டி நகரும்.

நிற்காமல் போகும் கூட்ஸ் வண்டிதான் வேடிக்கை. பந்தைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி, தடம் மாற்றும் ஊழியரான பாயிண்ட்ஸ்மேன் கையை உயர்த்திப் பிடித்து நிற்பார். இன்ஜினிலிருந்து கையை நீட்டி வளையத்தை மாட்டிக்கொண்டு, முந்தைய நிலையத்தில் வாங்கிய பந்தை வளையத்தோடு எறிந்துவிட்டுப் போவார்கள். பிளாட்பாரத்தில் விழுந்தால் பிழைத்தோம். கருவேலம் புதருக்குள் போனால், ராத்திரியில் கை விளக்கோடு தேட வேண்டும். அந்தப் பந்து கருவிக்குள் விழாமல் பின்னால் உள்ள செக்‌ஷனுக்கு அடுத்த லைன் கிளியர், அதாவது இன்னொரு வண்டியை விடும் அனுமதி, கிடையாது. இதற்குள் வண்டிகளின் ஓட்டத்தைக் கவனிக்கும் கன்ட்ரோல் அறையிலிருந்து போன் அலறிக்கொண்டிருக்கும், முள் அவர்கள் காலிலா குத்துகிறது!

நடுநடுவே, கேட் மூடியதை உறுதிசெய்யும் ரகசிய எண்ணான பிரைவேட் நம்பரைக் கேட்மேனோடு மாற்றி எழுத வேண்டும். சாயங்காலமானால் சிக்னல் கம்பங்களில் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றியாயிற்றா என்று பார்க்க வேண்டும். டிக்கெட் கொடுப்பதும் நான்தான்: கெட்டி அட்டை டிக்கெட்டை மெஷினில் செருகி இழுத்தால் தேதி பதியும். காலை சேலம் வண்டிக்குப் பாக்கு மூட்டையோடு வருகிறவர்கள், வண்டி ஹாரன் கேட்ட பிறகுதான் சில்லறை தேடுவார்கள். வசூலைத் தோல் பையில் முத்திரை வைத்து கார்டிடம் ஒப்படைத்தால் அன்றைய கணக்கு முடிந்தது.

என்னைக் கேட்டால், கஷ்டம் வேலையில் இல்லை. மாற்று ஆள் வராவிட்டால் அடுத்த டியூட்டியும் நம் தலையில்தான். குவார்ட்டர்ஸில் தேள் வரும், குழாயில் தண்ணீர் வராது. பிள்ளைகள் படிப்புக்காகக் குடும்பத்தை ஆத்தூரில் வைத்துவிட்டுத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் எங்களில் நிறைய பேர்.

அப்புறம் அந்தப் பாதை பிராட் கேஜ் ஆனது. 2007 நவம்பரில் சேலம் ரயில்வே கோட்டமும் வந்தது. இப்போது வருகிறவர்களுக்குப் பந்தும் இல்லை, புதரும் இல்லை. பட்டப்படிப்பு முடித்து ஆர்ஆர்பி (ரயில்வே ஆள்சேர்ப்பு வாரியம்) தேர்வு எழுதலாம். ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தனியாக ஆப்டிட்யூட் டெஸ்ட் உண்டு, கண் பார்வையையும் கறாராகப் பார்ப்பார்கள். நைட் டியூட்டி மட்டும் அப்படியே இருக்கிறது, அதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.