கடிதம் அடிக்கும் கடையில் ஒரே முகவரியைத் திரும்பத் திரும்ப ரைப் செய்யாமல் இருக்க என்ன வழி?

விண்டோஸ் என்றால் ஓட்டோஹொட்கீ (AutoHotkey) போதும். சுருக்கத்தை அடித்தால் முழு வசனத்தையும் தானே ரைப் செய்யும் மென்பொருள், இலவசம். இரண்டாம் பதிப்பையே போடுங்கள். 2022 டிசம்பருக்கு முந்திய உதாரணங்கள் பெரும்பாலும் முதற்பதிப்புக்கானவை. அப்படியே ஒட்டினால் பலவற்றுக்குப் பிழைச்செய்திதான் வரும்.

டெஸ்க்டொப்பில் வலது கிளிக், நியூ, ஓட்டோஹொட்கீ ஸ்கிரிப்ற். அந்தக் கோப்பை நோட்பாட்டில் திறந்து இந்த வரியை எழுதுங்கள்:

::@1::பிரதேச செயலாளர், பிரதேச செயலகம், நல்லூர்.

சேமித்து, கோப்பை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். வேர்ட்டில் @1 அடித்து ஸ்பேஸ் தட்டினால் முழு முகவரியும் விழும். ஸ்பேஸ் வேண்டாமென்றால் முதல் இரண்டு முக்காற்புள்ளிகளுக்கு நடுவே * போடலாம். ஆனால் அப்போது @10 அடிக்கப் போனாலும் @1 முந்திக்கொள்ளும்.

கோப்பைத் திருத்தினால் கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள பச்சை ஐகனில் வலது கிளிக் செய்து ரீலோட் கொடுக்க வேணும். 'வேலை செய்யவில்லை' என்பவர்களில் பலர் இதைத்தான் மறந்திருப்பார்கள்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் பாமினிதான் பெரிய சிக்கல். அது ஆங்கில எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் பழைய எழுத்துரு. மேலுள்ள வரி யூனிகோட் தமிழைத்தான் அனுப்பும். கடிதம் பாமினியில் என்றால், பாமினியில் தட்டும் ஆங்கில எழுத்துகளையே அந்த வரியில் எழுதுங்கள். அதில் +, ^, !, # வந்தால் ஷிப்ற், கொன்ரோல், அல்ற், விண்டோஸ் விசைகளாக எடுத்துக்கொள்ளும். முதல் இரு முக்காற்புள்ளிகளுக்கு நடுவே ஆங்கில 'T' போட்டால் எழுத்தாகவே போகும்.

அட்மின் உரிமையில் ஓடும் மென்பொருளுக்குள் இது வேலை செய்யாது. ஸ்கிரிப்றையும் அட்மினாக ஓட்டுங்கள். வங்கிக் கடவுச்சொல்லை மட்டும் இதில் எழுதாதீர்கள், கோப்பைத் திறக்கும் எவரும் வாசிக்கலாம்.