வெளிறிப்போன கலர் கொங்கிரீட் முற்றத்தைக் கழுவி சீலர் அடிப்பது எப்படி?

பண்டாரவளையில் வீட்டுக்கு முன்னால் போட்ட செங்கல் நிறக் கொங்கிரீட் முற்றம் வெளிறி, நடுவில் வெள்ளை பூத்து, மதில் ஓரம் பச்சை படிந்து கிடக்கிறது, மேசன் பாஸ் மேலே தரை பெயின்ட் அடிக்கச் சொல்கிறார், அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஈரம் ஏறுகிற தரையில் பெயின்ட் நிற்காது, பிறகு அதைச் சுரண்டி எடுக்கிற கூலியும் உங்கள் தலையில்தான் விழும்.

முதலில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நனைந்த இடத்தில் பழைய சிவப்பு எழுந்து வந்தால் நிறம் எங்கேயும் போகவில்லை, மேலே ஏதோ மூடியிருக்கிறது என்று அர்த்தம். கொங்கிரீட்டில் கலக்கும் சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஒக்சைட் தூள், வெயிலுக்கு லேசில் வெளுக்காது. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நின்றால் பழைய சீலரோ (தண்ணீர் இறங்காமல் கொங்கிரீட்டுக்கு அடிக்கிற காப்புத் திரவம்) யாராவது தேய்த்த சிவப்பு பொலிஷோ இன்னும் இருக்கிறது. அதை எடுக்காமல் புது சீலர் பிடிக்காது.

அந்த வெள்ளை பெரும்பாலும் சுண்ணாம்புதான். சிமெந்தில் இருக்கிற சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே ஏறி, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து இறுகிவிடும், சோப்புத் தண்ணீருக்கு அசையாது. இரண்டு தளத்துண்டுகள் சேரும் இடத்தில் வெள்ளை தடிப்பாக இருக்கும், அங்கே நாலு சொட்டு வினாகிரி விட்டுக் குனிந்து பாருங்கள், பொடிப் பொடியாக நுரைத்தால் சந்தேகமே வேண்டாம்.

சரி, இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? நம் பக்கத்தில் பாதி வீடு சரிவை வெட்டிக் கட்டியதுதானே. மேலே மண்மேட்டில் ஊறுகிற தண்ணீர் தளத்துக்கு அடியால் நடந்து போகும், அதை விட்டுவிட்டு மேலே எத்தனை முறை கழுவினாலும் அடுத்த மழைக்கு வெள்ளை திரும்பி வரும். ஆகவே சீலருக்குக் காசு செலவழிக்கிறதற்கு முன் மேட்டுப் பக்கம் ஒரு கான் வெட்டி, கூரைத் தண்ணீரையும் அதில் திருப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு ஒன்றரை அடிச் சதுரத்தில் தடித்த பொலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால், அல்லது அந்த இடம் மட்டும் கறுத்திருந்தால், தளம் இன்னும் காயவில்லை.

கழுவும்போது பாசிக்கு முதலிடம். ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர், கால் மணித்தியாலம் ஊறவிட்டு விறைப்பான பிரஷ்ஷால் தேய்த்து நன்றாக அலசுங்கள். வெள்ளையை எடுக்கிற அசிட்டை அதே நாளில் தொடவே வேண்டாம், இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது விளையாட்டு இல்லை. ஹார்ட்வெயார் கடை அசிட் (ஹைட்ரோகுளோரிக் அசிட்) என்றால் இருபது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு போதும், எப்போதும் தண்ணீருக்குள்தான் அசிட்டை ஊற்ற வேண்டும். கையுறை, கண்ணாடி, பூட்ஸ் கட்டாயம். தளத்தை முதலில் நனைத்துக்கொண்டு, மூலையில் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள். கூடிப்போனால் மேல் சிமெந்துத் தோலைத் தின்று மணல் தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் சிவப்பு திரும்பாது. காய விடாமல் அலசி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரை ஒரு முறை ஊற்றி, மறுபடியும் அலசுங்கள். பூச்சட்டி இரும்பு ஸ்டான்ட் விட்ட துருவளையத்துக்கு ஒக்சாலிக் அசிட்தான் சரி.

சீலரில் என் கட்சி, உள்ளே இறங்குகிற சைலேன் – சிலொக்சேன் வகை. பளபளப்பு வராது, நிறத்தையும் கூட்டாது, ஆனால் தண்ணீரைத் தள்ளிவிட்டுக் கொங்கிரீட்டை மூச்சுவிட வைக்கும், நம் ஈரத்துக்கு அது போதும். நனைந்த சிவப்பு எப்போதும் தெரிய வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால் மேலே படலமாக நிற்கிற அக்ரிலிக் சீலர் அடிக்கலாம், பொலித்தீன் சோதனையில் அடிப்பக்கம் காய்ந்து வந்தால் மட்டும். மெல்லியதாக இரண்டு முறை. தடிப்பாக ஊற்றினால் ஈரம் அடியில் மாட்டி மறுபடியும் வெள்ளை வெள்ளையாகும். சறுக்காமலிருக்க அதற்கென்று விற்கிற பொடியைக் கலந்துகொள்ளுங்கள், பனிமூட்டக் காலையில் கிழவிகள் நடக்கிற இடம் அல்லவா.

காலத்தைப் பொறுத்தவரை, ஹட்டன், நுவரெலியா பக்கம் நாங்கள் இந்த வேலையை ஜனவரி முதல் மார்ச் வரை பார்ப்போம். உங்கள் ஊவாப் பக்கத்துக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, வருடக் கடைசி மழை ஜனவரிக்கும் இழுக்கும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல வெயில். தளம் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் அடிக்காதீர்கள், வெயில் ஏறிய பிறகு தொடங்கி, மாலைப் பனி இறங்க நிறைய நேரம் இருக்கும்போதே முடியுங்கள்.

கழுவிய பிறகும் சில இடம் மட்டும் கறுப்பாக, வடிவமில்லாமல் நின்றால் அது அழுக்கு இல்லை, கொங்கிரீட் போட்ட புதிதில் ஒரே மாதிரிக் காயாததால் வந்தது. அதைத் தேய்த்துப் பயனில்லை, சீலரிலேயே கொஞ்சம் சிவப்பு கலந்த வகை கிடைத்தால் ஓரளவு மறையும்.