பெட்டி அக்கா வீட்டில்

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தார். லடாக்கில் இருந்தபோது மூச்சிரைப்பு வந்து, 1984-ல் மெடிக்கல் போர்டு வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் கிடையாது, ஒரு தொகை மட்டும் கொடுத்தார்கள். ‘இந்த வியாதி வேலையால் வந்ததில்லை’ என்று கடிதம் வந்ததாம். இப்போது இன்ஹேலர் இல்லாமல் தெருமுனைவரை நடக்க முடியவில்லை. இனிமேல் டிஸபிலிட்டி பென்ஷன் கேட்க முடியுமா? 40 வருஷ அரியர்ஸ் எவ்வளவு வரும்? அவருடைய பட்டாளத்துப் பெட்டி அக்கா வீட்டில் இருக்கிறது. அம்மா இறந்த பிறகு ஐந்து வருஷம் அப்பா அங்கேதான் இருந்தார். வீட்டை எனக்கும் தம்பிக்கும் எழுதிவைத்ததில் ஒரு சின்ன மனஸ்தாபம், ஆறு வருஷமாகப் பேச்சில்லை. பேப்பரெல்லாம் வெலிங்டனில் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் இருக்கும், டூப்ளிகேட் வாங்கிக்கொள்ளலாம் என்கிறான் தம்பி.
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: உங்கள் தம்பி சொல்வது தப்பு. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்த சிப்பாயின் சர்வீஸ் ஆவணங்களை ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் 25 வருஷம்தான் வைத்திருப்பார்கள். அப்புறம் விதிப்படியே அழித்துவிடுவார்கள். அப்பாவுக்கு அந்தக் கெடு 2009-லேயே முடிந்துவிட்டது. வெலிங்டனுக்கு எழுதினால் லாங் ரோல் என்கிற பேரேட்டிலிருந்து நம்பர், பெயர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி என்று ஒரு வரி கிடைக்கும். மெடிக்கல் போர்டு என்ன எழுதியது, பாதிப்பு எத்தனை சதவீதம் என்று போட்டது என்பதெல்லாம் பெரும்பாலும் போயிருக்கும். அந்தக் காகிதத்தின் பிரதி இன்னும் எங்கேயாவது இருக்கிறதென்றால், நீங்கள் படியேற மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் வீட்டில்தான் இருக்கிறது.

சட்டத்தைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். கேட்க முடியும். 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேரும்போது நடந்த பரிசோதனையில் அந்த நோயைப் பற்றிக் குறிப்பு ஏதும் இல்லையென்றால், அது சர்வீஸில் வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது அரசின் வேலை. போர்டு சும்மா ‘தொடர்பில்லை’ என்று எழுதினால் போதாது, காரணம் காட்ட வேண்டும். நோய் காரணமாகப் பாதியில் அனுப்பப்பட்டவருக்குக் குறைந்தது 20 சதவீதப் பாதிப்பு இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்று 2014-ல் இன்னொரு தீர்ப்பும் இருக்கிறது. 20 சதவீதம்தான் பென்ஷனுக்கு வாசல். அதைத் தாண்டி 50-க்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் 50 என்றே கணக்கு வைப்பார்கள்.

ஆனால் 40 வருஷ அரியர்ஸ் என்ற கனவை விட்டுவிடுங்கள். தார்செம் சிங் வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டிவிட்டது: மனு போட்ட நாளுக்கு முந்தைய 3 வருஷத்துக்கு மட்டும். நீங்கள் ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அப்பாவுக்கு ஒரு மாதப் பணம் போகிறது. பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இசிஎச்எஸ் அட்டை. பென்ஷன் வாங்கும் முன்னாள் ராணுவத்தினருக்குத்தான் அந்த மருத்துவ வசதி. இன்ஹேலரோடு வாழ்கிற மனிதருக்கு அதன் அருமை தெரியும்.

இனி உங்கள் ‘சின்ன மனஸ்தாப’த்துக்கு வருகிறேன். சின்னது என்று சொல்வது யார்? வீடு கிடைத்தவர். ஐந்து வருஷம் ராத்திரி மூச்சு முட்டும்போது முதுகுக்குத் தலையணை வைத்து உட்காரவைத்தது யார்? விடிவதற்குள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியது யார்? பத்திரம் எழுதும்போது அந்தப் பெண்ணின் பெயர் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அப்பா தானே சம்பாதித்த வீடென்றால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். சட்டம் கேள்வி கேட்காது. அக்கா கேட்பார். கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. அந்தக் கோபத்தைச் சாக்காக வைத்து ஆறு வருஷம் வாசல் மிதிக்காமல் இருக்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. இத்தனைக்கும் பெட்டியைப் பழைய இரும்புக்கு எடைக்குப் போடாமல் இன்னும் வைத்திருக்கிறார்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறையவே வருகின்றன. வெள்ளைப் பெயின்ட்டில் நம்பரும் பெயரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று எல்லாவற்றிலும் இருக்கும். அது மகள் வீட்டில் இருக்கும். மகன்தான் எனக்கு எழுதுவார்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். மாமா, ஊர்ப் பெரியவர் என்று யாரையும் தூது அனுப்பாதீர்கள். நீங்களும் தம்பியும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். போன கையோடு பெட்டியைக் கேட்காதீர்கள். அப்பாவுக்குப் பென்ஷன் கேட்கப் போகிறோம் என்ற விஷயத்தை முதலில் சொல்லுங்கள். வீட்டு விவகாரத்தில் அக்கா திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். ‘அப்பா இஷ்டம்’ என்று பழியை அவர் மேல் தள்ளாதீர்கள், அவரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். வரப்போகும் பணம் அவர் கணக்குக்குத்தான் வரும், அதில் பங்கு பேச உங்களுக்கு எதுவும் இல்லை. இந்த முறை அவர் மகளுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் அண்ணனும் தம்பியும் வாயைத் திறக்கக்கூடாது.

பெட்டியில் தேட வேண்டியது டிஸ்சார்ஜ் புத்தகம், மெடிக்கல் போர்டு பிரதி, பென்ஷன் மறுத்து வந்த கடிதம். போர்டு பேப்பர் கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். என்ன காரணத்தால் அனுப்பினார்கள் என்பது டிஸ்சார்ஜ் புத்தகத்திலேயே இருக்கும். ஒன்றுமே இல்லாமல் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் போய் நின்றால்தான் கஷ்டம். ‘ஆவணம் விதிப்படி அழிந்தது, தாமதம் இவருடையது’ என்பார்கள். பல வழக்குகள் அந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன. அந்த ஐந்து வருஷத்து ஓ.பி. சீட்டுகள் அக்காவிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மறுபடி மெடிக்கல் போர்டு வைக்கச் சொல்லி உத்தரவிடுவது உண்டு; நோய் விடாமல் தொடர்ந்து வந்தது என்பதற்கு அந்தச் சீட்டுகள் உதவும். அவற்றைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கக்கூடியவர் உங்கள் குடும்பத்தில் வேறு யார்?

அப்புறம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். வெலிங்டனுக்கும் ஒரு கடிதம் போடுங்கள். மறுபடியும் மறுத்தால் மேல்முறையீடு, அதற்குப் பிறகு சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயக் கிளை. நடுவில் யாராவது வந்து, அரியர்ஸில் ஒரு பங்கு கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்பார். அவரிடம் ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள். வக்கீலுக்கும் நகல் போதும்.