குதிகாலுக்கு மேலே வலி: ஓய்வில் போய், ஓடினால் திரும்பி வருவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 44. ஒன்றரை ஆண்டாகக் காலையில் ஓடி வருகிறேன். அரை மாரத்தானுக்காகத் தூரத்தைக் கூட்டியதிலிருந்து வலது குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கத்தில் வலிக்கிறது. காலையில் எழுந்ததும் முதல் பத்து அடி நொண்டித்தான் நடக்கிறேன். மூன்று வாரம் ஓய்வெடுத்தேன், வலி போய்விட்டது. மீண்டும் ஓடிய மூன்றாம் நாளே வந்துவிட்டது. நரம்பு பிடித்துக்கொண்டது, எண்ணெய் போட்டு நீவு என்கிறார்கள் வீட்டில். ஊசி போட்டால் சரியாகும் என்கிறார் நண்பர். போட்டிக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: நம் பேச்சில் ‘நரம்பு’ என்பது உணர்வைக் கடத்தும் நரம்பையும், கையில் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயையும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணையும் ஒருசேரக் குறித்துவிடுகிறது. உங்களுக்கு வலிப்பது மூன்றாவது. கெண்டைக்காலில் மேலாகத் திரண்டிருக்கும் தசையும், அதற்கு அடியில் தட்டையாகப் படிந்திருக்கும் இன்னொரு தசையும் கீழே வந்து ஒன்றுகூடி, ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள ஒரே நாணாகிக் குதிகால் எலும்பின் பின்புறத்தில் பதிகின்றன. அக்கிலிஸ் தசைநாண் என்பது இதுதான். உடலிலுள்ள நாண்களில் மிகத் தடித்ததும் வலுவானதும் இதுவே; ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு இழுவிசை இதன்மேல் விழுகிறது.

இத்தனை வலுவான நாண் ஏன் வலிக்கிறது என்றால், அது மெதுவாகப் பழகும் உறுப்பு என்பதால்தான். தூரத்தைக் கூட்டினால் மூச்சு சில வாரங்களில் ஈடுகொடுத்துவிடும், தசையும் அதன்பின் வந்துவிடும், நாணுக்கோ மாதக்கணக்கு ஆகும். அதற்குள் சுமையை ஏற்றிக்கொண்டே போனால், நாணின் இழைகள் தம் ஒழுங்கை இழந்து, பிரிந்த கயிறுபோல் ஆகி, அந்த இடம் தடித்துவிடுகிறது. முன்பு இதை அழற்சி என்று கருதி அதைத் தணிப்பதிலேயே மருத்துவம் கவனமாக இருந்தது. நாள்பட்ட வலியில் அழற்சியின் பங்கு சிறியது, சுமை தாங்கும் திறன் குறைந்ததே முதன்மையான கோளாறு என்பது இன்றைய புரிதல். உங்கள் மூன்று வார ஓய்வு வலியை அடக்கியது. ஆனால் அந்த மூன்று வாரத்தில் நாண் வலுப்பெறவில்லை, சற்று இளைத்திருக்கவும் கூடும். இளைத்த நாணின்மீது பழைய தூரத்தைப் போட்டதால்தான் மூன்றாம் நாளே வலி திரும்பியது.

சிகிச்சைக்கு முன் வலி சரியாக எங்கே என்று பாருங்கள். நாற்காலியில் அமர்ந்து, கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் நாணை இருபுறமும் பிடித்து, குதிகால் எலும்பிலிருந்து மேல்நோக்கி மெல்ல அழுத்திக்கொண்டே செல்லுங்கள். எலும்புக்கு மேல் 2 முதல் 6 செ.மீ.க்குள் வலித்து, அங்கே சிறு தடிப்பும் தட்டுப்பட்டால் அது நடுநாண் கோளாறு. உங்கள் விவரிப்பு அதற்கே பொருந்துகிறது. எலும்போடு ஒட்டுமிடத்திலேயே வலித்தால் அது பதிவிடக் கோளாறு, அதற்குப் பயிற்சியைச் சற்று மாற்ற வேண்டும். உள்ளங்காலின் அடியில், குதிகாலை ஊன்றும்போது வலிப்பது முற்றிலும் வேறு நோய்.

நடுநாண் கோளாறுக்கு முதன்மைச் சிகிச்சை, சுமையைப் படிப்படியாகக் கொடுப்பது. சுவீடனின் ஊமியோ நகரைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் ஹோகன் ஆல்பிரட்சன் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிவகுத்தது. அவருக்கே இந்த வலி இருந்தது. அறுவைச் சிகிச்சை செய்ய மறுத்துவிட்டார்கள் என்பதால், நாண் அறுந்தாவது போகட்டும் என்று முரட்டுத்தனமாகச் சுமையேற்றிப் பார்த்ததில் வலி குறைந்துவிட்டது என்பது அவரே சொன்ன கதை. (நீங்கள் அவ்வளவு துணிய வேண்டாம்.) அவர் வகுத்த முறை இது: மாடிப்படியின் கீழ்ப்படியில், சுவரைப் பிடித்தபடி, முன்பாதம் மட்டும் படியில் பதிய நின்று, நல்ல காலை ஊன்றி மேலெழும்புங்கள், பிறகு எடை முழுவதையும் வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகால் படிமட்டத்துக்குக் கீழே போகும்வரை மெதுவாக இறக்குங்கள். முழங்காலை நீட்டி வைத்து 15 முறை வீதம் மூன்று தொகுதி, சற்று மடக்கி வைத்து மூன்று தொகுதி; இதைக் காலையும் மாலையும், 12 வாரம். எளிதாகத் தோன்றத் தொடங்கியதும் முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு மாட்டிக்கொண்டு செய்யலாம்.

நாளொன்றுக்கு 180 முறை என்பது பலரையும் இரண்டாம் வாரத்திலேயே கைவிடச் செய்கிறது. டென்மார்க்கில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு, வாரம் மூன்று நாள் மட்டும் அதிக எடையுடன் மிக மெதுவாக ஏறி இறங்குவதும் ஏறத்தாழ அதே பலனைத் தருவதாகக் காட்டியது. வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் இதையே பரிந்துரைக்கிறேன்: மூன்று நொடி ஏற, மூன்று நொடி இறங்க.

பயிற்சியின்போது வலிக்கத்தான் செய்யும். பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் தணிந்துவிட வேண்டும். எழுந்ததும் வைக்கும் அந்த முதல் பத்து அடிகளே உங்கள் அளவுகோல். முந்தைய நாளைவிட அவை கடினமாக இருந்தால், நேற்றுச் செய்தது அதிகம்.

வலி எலும்போடு ஒட்டுமிடத்தில் என்றால், குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே இறக்காமல் சமதரையிலேயே செய்யுங்கள். கீழே இறக்கும்போது நாண் எலும்பின்மீது நசுங்குகிறது. துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கும் பயிற்சியும் இதே காரணத்தால் இந்த வகை வலி உள்ளவர்களுக்குக் கெடுதல் செய்யும். குந்தி உட்காரும் கழிவறையைப் பயன்படுத்துவோர் சில வாரங்களுக்கு மேற்கத்திய வகைக்கு மாறிக்கொள்வது நல்லது. காலணிக்குள் ஒரு சென்டிமீட்டர் குதிகால் உயர்த்தி வைப்பதும் தொடக்கத்தில் உதவும், ஆனால் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தால் அந்தப் பயன் அரைநாளோடு போய்விடும்.

கெண்டைச்சதையை எண்ணெய் போட்டு நீவுவது இதமளிக்கலாம். தடித்த நாணையே அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஸ்டீராய்டு ஊசியை நாணுக்குள் போட்டுக்கொள்ளாதீர்கள். வலி சில வாரம் மறையும், நாண் அறுந்துபோகும் அபாயம் கூடும். நம் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துச் செலுத்தும் பிளேட்லெட் ஊசி, கவனமாக நடத்தப்பட்ட ஆய்வுகளில் போலி ஊசியைவிட மேலானதாக இல்லை. அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைச் சாப்பிட்டீர்களா என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள். அவை நாணைப் பாதிக்கும் என்பதால் 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டமிட்ட எச்சரிக்கையை அவற்றில் சேர்க்க உத்தரவிட்டது.

சில நிலைகளில் பயிற்சியைத் தொடங்காமல் நேரே மருத்துவரிடம் செல்ல வேண்டும். யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோன்ற உணர்வோடு ‘டப்’ என்று சத்தம் கேட்டு, அதன்பின் முன்பாதத்தில் எழும்ப முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம், அன்றே காட்டுங்கள். கெண்டைக்கால் முழுவதும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இரு கால் நாண்களும் முடிச்சுமுடிச்சாகத் தடித்திருந்தால், அது பரம்பரைக் கொழுப்பு மிகுதியின் அடையாளமாக இருக்கக்கூடும், கொலஸ்டிராலைச் சோதியுங்கள்.

போட்டியைப் பொறுத்தவரை, பத்து வாரத்தில் 21 கி.மீ. ஓடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். பெயர்ப்பதிவை அடுத்த ஆண்டுக்கோ குறுகிய தூரத்துக்கோ மாற்ற முடியுமா என்று இப்போதே கேளுங்கள். இடையில் சைக்கிளும் நீச்சலும் தடையில்லை. அரைமணி நேரம் வலியின்றி வேகநடை போக முடிந்து, வலது காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்தும் எண்ணிக்கை இடது காலை நெருங்கியதும், ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை என்று சமதரையில் தொடங்குங்கள். மேடு ஏறுவதையும் வேக ஓட்டத்தையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.