பேசினால் போய்விடுமா?

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டு மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, கைவிரல் மரத்துப் போகிறது, இதோ செத்துவிடப் போகிறேன் என்று தோன்றுகிறது. எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று, இதயத்தில் ஒன்றுமில்லை. இது பீதித் தாக்குதல், பேச்சு சிகிச்சைக்குப் போங்கள் என்கிறார் மருத்துவர். லிஃப்டில் ஏறுவதையே விட்டுவிட்டேன். நண்பர்களிடம் மணிக்கணக்காகப் பேசியும் போகாதது, முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசினால் போய்விடுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இதயத்தை முதலில் பார்த்துக்கொண்டது நல்ல காரியம். இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘பேச்சு சிகிச்சை’ என்ற பெயரைக் கேட்டால், மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டு வருவது என்றுதான் யாருக்கும் தோன்றும். கொட்டுவதற்கு நண்பர்களே போதும். ஆனால் நண்பர் என்ன செய்வார்? “பயப்படாதே, ஒன்றும் ஆகாது” என்பார், உங்களுக்காக அவரும் படியேறி வருவார். அன்பினால்தான் செய்கிறார், இருந்தாலும் லிஃப்ட் ஆபத்து என்று உங்களுக்குள் இருக்கும் எண்ணத்துக்கு அதுவே இன்னொரு சாட்சியாகிவிடுகிறது.

பீதி எப்படி ஓடுகிறது என்பதை டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் எழுதினார். நெஞ்சு லேசாகப் படபடக்கிறது, அதை மாரடைப்பு என்று எடுத்துக்கொள்கிறோம், அந்தப் பயத்தில் படபடப்பு இன்னும் ஏறுகிறது, ஏற ஏறப் பயமும் ஏறுகிறது. அந்த இடத்தைவிட்டு ஓடினால் அடங்குகிறது. தானாகவே அடங்கியிருக்கும், ஆனால் ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனம் குறித்து வைத்துக்கொள்கிறது.

இந்தச் சுற்றை உடைப்பதுதான் சிகிச்சையில் நடக்கும் வேலை. சிபிடி என்ற, எண்ணத்தையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்கும் முறையில் பயிற்சி பெற்ற ஒருவர் உங்களை நின்ற இடத்திலேயே ஓடச் சொல்வார், ஒரு மெல்லிய ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சுவிடச் சொல்வார், சுழல் நாற்காலியில் சுற்றச் சொல்வார். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ அந்தப் படபடப்பும் தலைசுற்றலும் அங்கேயே, அவர் எதிரிலேயே வரும். ஓடாமல் உட்கார்ந்திருப்பீர்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கும். அப்புறம் மறுபடியும். பிறகு லிஃப்டில் ஒரு மாடி, இரண்டு மாடி, கையில் எப்போதும் பிடித்திருக்கும் தண்ணீர் பாட்டில்கூட இல்லாமல். (அந்த மாதிரி ஏதாவது ஒன்றை நீங்களும் வைத்திருப்பீர்கள், யோசித்துப் பாருங்கள்.) எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல் பீதிக்கு இந்தச் சிகிச்சையை மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் என்றுதான் சொல்கிறது. வருடக்கணக்கில் சாய்ந்து படுத்துக்கொண்டு சிறுவயதுக் கதை சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு வந்தது பீதி இல்லை, மனச்சோர்வு. மனசு சரியானதும் எழுந்து வேலை பார்க்கலாம் என்று மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தேன். முதலில் பார்த்தவர் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார், நான்கு முறை போய்விட்டு நின்றுவிட்டேன். அடுத்தவர் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு காரியத்தைச் செய்யும் முன் அதில் எவ்வளவு நிறைவு கிடைக்கும் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண், செய்தபின் உண்மையில் கிடைத்தது எவ்வளவு என்று இன்னொன்று. துவைத்த துணியை மடித்து வைப்பதற்கு முன் 1 போட்டிருந்தேன். மடித்து முடித்தபின் 4. அந்த நாலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் எதைச் செய்தாலும் பிரயோஜனமில்லை என்று என் மனம் அத்தனை உறுதியாகச் சொன்னது என் கையெழுத்திலேயே பொய்யாகியிருந்தது. இதை எந்தத் தோழியும் எனக்கு வாயால் சொல்லிப் புரியவைத்திருக்க முடியாது.

அதனால் முதல் சந்திப்பிலேயே தயங்காமல் கேளுங்கள்: பீதிக்கு எந்த முறையில் செய்கிறீர்கள், எத்தனை முறை வர வேண்டும், வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்? பதில் தெளிவாக இல்லாவிட்டால், அல்லது நான்கைந்து முறை போயும் அவரிடம் மனம் ஒட்டாவிட்டால், வேறொருவரைப் பாருங்கள். சிகிச்சையே பயனில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், நான் கிட்டத்தட்ட அப்படித்தான் விட்டிருப்பேன். மருத்துவர் மாத்திரையும் கொடுத்தால் சாப்பிடுங்கள், இரண்டும் சேர்ந்தே போகலாம், நீங்களாக நிறுத்த வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

லிஃப்டை விட்டுவிட்ட விஷயத்தைச் சிகிச்சை செய்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எனக்கு எழுதும்போது ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், அவர் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்.

அன்புடன்,
அக்கா